பாதியில் அணையும் ஆட்டம்

காலை ஒன்பது இருபதுக்குத் தம்பியின் கம்ப்யூட்டர் நான்காவது முறையாக அணைந்து, தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியது.

"போச்சு," என்றார் கொசு. "மறுபடி மொதல்ல இருந்து."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் தம்பியின் உடலைத் தருவார்கள். போட்டுவிட ஒரு சட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நீலச் சட்டையில் ஒரு கை பாக்கி.

கொசு என்பது ஆன்லைன் விளையாட்டில் வைத்த பெயர். சிறுநீரகம் கைவிட்டுத் தம்பி வீட்டோடு தங்கிய நான்கு வருடமும் சாயங்காலம் ஆனால் அந்தப் பெயரைத்தான் கத்திக் கூப்பிடுவான். இன்று காலை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நாற்பத்தைந்து வயது, நரைத்த தாடி, லிஃப்ட் மெக்கானிக்கின் காக்கிச் சட்டை.

"கொசுன்னா ஏதோ பொடியன்னு நெனச்சேன்," என்றார் அப்பா.

"உங்க பையன் வெச்ச பேருங்க. எனக்குச் சுடவும் தெரியாது, காதுகிட்ட கத்துறதையும் நிறுத்த மாட்டேன்னு."

அப்பா சிரித்துவிட்டார். உடனே எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆட்டங்களைத் தம்பி தன் குரலோடு பதிவுசெய்து வைப்பான் என்பதே கொசு சொல்லித்தான் தெரிந்தது. வேறெங்கும் அவன் குரல் இல்லை. பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கு யார் ஆடியோ அனுப்புவார்கள்? நேற்றிலிருந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் பேசுறது எதுலயாவது இருக்கா?"

கொசு கம்ப்யூட்டரின் பக்க மூடியைக் கழற்றி உள்ளே விரலை வைத்துப் பார்த்தார். "சூடும் இல்ல. மெமரிய மாத்திச் சொருகியாச்சு. பவர் சப்ளை போன வாரந்தான் புதுசு போட்டான். ஒரு மாசமா இதோட மல்லுக்கட்டிட்டு இருந்தாம்மா. டான்னு அஞ்சே முக்காலுக்கு எங்கள அம்போன்னு விட்டுட்டுக் காணாமப் போயிடுவான். என்னா ஓட்டு ஓட்டியிருக்கோம்!"

அக்காவும் ஓட்டியிருக்கிறாள். தோக்குற நேரம் பாத்துக் கரெக்டா அணையுதாடா என்று.

ஐந்தே முக்கால். அவள் இரவு ஷிஃப்டுக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது. ஓட்டல் வரவேற்பில் கசங்கிய சீருடையோடு நிற்க முடியாது.

அவள் தன் அறைக்குத் திரும்பினாள். இஸ்திரிப் பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. சூடு ஏறிவிட்டால் அணையும், இறங்கினால் எரியும். சட்டையைத் தொடாமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எரிந்தது. தலைக்கு மேல் டியூப்லைட் ஒரு கணம் மங்கியது.

"ச்சே!" என்றார் கொசு, சுவருக்கு அந்தப் பக்கம்.

ப்ளக்கைப் பிடுங்கினாள். கட்டிலில் உட்கார்ந்து சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

அரை மணி நேரம் கழித்துக் கொசு கூப்பிட்டார். "பதிவெல்லாம் பென் டிரைவ்ல ஏறிடுச்சும்மா! ஒன்னுமே பண்ணல, அதுவா சமத்தா ஓடிடுச்சு."

சட்டையோடு போய் நின்றாள். கொசுவின் பார்வை சுருக்கம் போகாத சட்டைக் கையில் நின்றது. பிறகு கதவு வழியே, அவள் அறையில் தரையில் கிடந்த இஸ்திரிப் பெட்டி ஒயருக்குப் போனது. அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பக்க மூடியை எடுத்து ஒவ்வொரு திருகாக மாட்டத் தொடங்கினார்.

"அம்மாவக் கூப்பிடவா?" என்றார், திரும்பாமல்.

"மொதல்ல நான் கேக்கறேன்."

"அணைஞ்சு ஆன் ஆனா மறுபடி தானா பதிவாகற மாதிரி வெச்சிருந்தான். இதுதான் கடைசி. வியாழக்கெழமை சாயங்காலம்."

வியாழக்கிழமை வேலைக்குப் போகும்போது அவன் கதவு சாத்தியிருந்தது. நேரமாகிவிட்டதென்று தட்டாமல் போய்விட்டாள். 

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு கேட்டது. ஏதோ ஒரு பொத்தானைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தான். பிறகு தட்டல் நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"அக்கா, உன் ரூம்லயும் லைட்டு மங்குச்சா?"