மேசையில் ஆறிய மீன்

முப்பத்திரண்டு வருஷமாக லார்யேயோடு குப்பை கொட்டியவள் அக்வேலே. உள்ளதைச் சொன்னால், அவள் குப்பை ஒரு வீட்டில், அவர் குப்பை இன்னொரு வீட்டில். கானா நாட்டு அக்ராவின் பழைய கடற்கரைத் தெருக்களில், கா என்கிற எங்கள் சனத்துக்கு அதுதான் முறை. கல்யாணமே ஆனாலும் பெண் தன் அம்மா, அக்கா தங்கையோடு இருப்பாள். ஆண் தன் அண்ணன் தம்பியோடு இருப்பான். பொழுது சாய்ந்ததும் அக்வேலே நீலக் கிண்ணத்தைத் துணியில் கட்டிக்கொண்டு, இரண்டு சந்து தாண்டிப் போய், அவர் வாசலில் நின்று "அகோ" என்று குரல் கொடுப்பாள். உள்ளேயிருந்து "அமே" என்று பதில் வந்தால்தான் படி ஏறுவாள். கிண்ணம் காலியாகத் திரும்பினால் குடும்பம் சுகம். தொடாமல் திரும்பினால் பஞ்சாயத்துதான்.

அந்தக் கிண்ணம்தான் இப்போது மூன்று நாளாகத் தொடாமல் கிடக்கிறது. அக்வேலேக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்த மழையில் லார்யே இருந்த ஆண்கள் வீட்டின் கூரை விழுந்துவிட்டது. நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஷோர்மே ஊருக்கு வெளியே புதுவீடு கட்டியிருந்தாள். போதும் உங்கள் தனித்தனிக் குடித்தனம், இரண்டு பேரும் என்னோடு வாருங்கள் என்று பிடிவாதமாக அழைத்து வந்துவிட்டாள். கிளம்பும்போதே அக்வேலேயின் இரட்டைச் சகோதரி சிரித்தாள்.

"ஒரே கூரைக்குக் கீழ போய் என்னடி பண்ணப்போற? நாள் பூரா அந்த ஆளு மூஞ்சியவே பாத்துட்டு இருப்பியா?"

வந்த அன்றே குழப்பம் ஆரம்பித்தது. ஷோர்மே பெரிய அறையைப் பெற்றோருக்கென்று ஒழித்து, பெரிய கட்டிலும் போட்டிருந்தாள். புருஷன் கூப்பிடாமல் அவர் அறையில் போய்ப் படுத்து அக்வேலேக்குப் பழக்கமில்லை. எப்போதும் சாப்பிட்டு முடித்த பிறகுதானே இருந்துவிட்டுப் போ என்பார்? அதனால் அவள் மகளோடு படுத்துக்கொண்டாள். சமைத்ததை எடுத்துக்கொண்டு அவரிடம் புறப்பட்டபோது மகள் தடுத்தாள். இங்கே எல்லாம் மேசைதான், அவரவர் வந்து எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான் என்றாள். சரி, புதுவீட்டுக்குப் புதுச்சட்டம் என்று அக்வேலே கெங்கே என்னும் புளித்த சோளமாவு உருண்டையும் வறுத்த மீனும் மிளகாய் அரைத்ததும் கிண்ணத்தில் வைத்து மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தால் மூடியது மூடியபடி இருந்தது.

உப்புக் கரித்ததோ என்று நினைத்தாள். மறுநாள் நல்ல சிவப்பு மீனாகப் பார்த்து வாங்கினாள். அதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு உயிரான கடலைச் சாறு வைத்தாள். ஊஹூம். நான் என்ன தப்பு செய்தேன், வயசான காலத்தில் என்னை வேண்டாமென்கிறாரா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கலாம். எந்தப் பெண் கேட்பாள்? மகளோ ரத்த அழுத்தமாக இருக்கும், பார்க்கிறேன் என்றாள். பெரிய படிப்பு!

நான்காம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, உன் வீட்டுக்காரர் தினமும் தெருமுனையில் நின்று கெங்கே வாங்கித் தின்கிறாரே, உனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். அக்வேலேக்கு மானமே போய்விட்டது. நேராக அவர் அறை வாசலுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. லார்யே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காலடியில் கட்டிவைத்த பை இருந்தது.

"ஷோர்மே அப்பா, சாப்பாட்டுல நான் விஷமா வச்சேன்? தெருவுல நின்னு தின்னு என் மானத்த வாங்குறீங்க."

அவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ எங்க சாப்பாடு கொண்டுவந்த? மூணு நாளாக் கதவத் தெறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒரு 'அகோ' கூட வரல. என்னை வேணாம்னு சொல்ல வாய் வராம நீ இப்படிக் காட்டுறன்னு நெனச்சேன். அதான் பையக் கட்டிட்டேன்."

"மேசைல வச்சிருந்தேனே?"

"மேசைல இருந்தா அது யாரு சோறுன்னு எனக்கென்ன தெரியும்?"

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. யார் மேல் தப்பு என்றும் விளங்கவில்லை. அடுப்படிக்குப் போய் அன்று வறுத்த மீனோடு நீலக் கிண்ணத்தைத் துணியில் கட்டினாள். பின்கதவு வழியாக இறங்கி, தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி முன்வாசலுக்கு நடந்தாள். உள்ளேயே வழி இருக்க எதற்குச் சுற்றிப் போகிறாய் என்று ஷோர்மே ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"எனக்கும் தெரியலடி" என்றாள் அக்வேலே.

அறை வாசலில் நின்று "அகோ" என்றாள். அவர் எப்போதும் போலச் சற்று நேரம் கழித்துத்தான் "அமே" என்றார்.

நிதானமாகச் சாப்பிட்டார். எப்போதும் போல மீன் தலையை அவளுக்கென்று கிண்ணத்தில் விட்டுவைத்தார். முப்பத்திரண்டு வருஷமாக அந்தத் தலையை அவள் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், தன் அடுப்படியில் தனியாக உட்கார்ந்துதான் தின்றிருக்கிறாள். இப்போதும் துணியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

"அக்வேலே," என்றார் அவர். "இனிமே அதை எங்க தூக்கிட்டுப் போவ? இங்கயே உக்காந்து தின்னு."

அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். அவர் முன்னால் வாயைத் திறந்து தின்ன வெட்கம் பிடுங்கித் தின்றது. லார்யே அது தெரிந்து சுவர்ப் பக்கம் திரும்பி, கட்டியிருந்த பையை அவிழ்த்து, சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.