அட்டைச் சாவி

என் அத்தான் வாழ்க்கையில் இரண்டே இடங்களில் விசுவாசம் வைத்தவர். ஒன்று என் அக்காள். இன்னொன்று ஒரு கார் கம்பெனி. முதலாவதைப் பற்றி அக்காளுக்கே அவ்வப்போது சந்தேகம் வந்ததுண்டு. இரண்டாவதைப் பற்றி யாருக்கும் வந்ததில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்ன கண்ணாடியை வியாழன் மாலையே துடைத்துப் பெட்டியில் போட்டு வைத்துவிடுகிற ஆள். உலகம் முழுக்கத் தன் கடையைப் போலத்தான் நடக்கிறது என்று நினைத்ததுதான் அவர் பார்வையில் இருந்த ஒரே குறை.

கல்யாணமான புதிதில் வாங்கிய முதல் வண்டியிலிருந்து நாலாவது வண்டிவரை எல்லாம் அதே கம்பெனி, அதே ஷோரூம். வீட்டுக்கு வருகிற யாராவது வேறு கம்பெனி வண்டியை வாசலில் நிறுத்தினால், "நல்ல வண்டிதான்" என்பார், துக்கம் விசாரிக்கிற குரலில். அந்த ஷோரூம்காரர்கள் அவருக்கு 'வைரக் குடும்பம்' என்று பொறித்த அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைப் பர்ஸில் அக்காள் போட்டோவுக்கு முன்னால் செருகி வைத்திருந்தார்.

"இதுல வைரம் எங்க இருக்கு? பிளாஸ்டிக்தானே?" என்று அக்காள் ஒருமுறை கேட்டாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாததாலதான் நான் இன்னும் நிம்மதியா இருக்கேன்."

போன வருஷம் அக்காளுக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. வலி போய்விட்டது, ஆனால் கால் முழுசாக மடங்கவில்லை. அவர்கள் மகள் இருப்பது ஐந்து மணி நேரத் தொலைவில், வேறு ஊரில். அவளுக்குத் தலைப்பிரசவம், பயணம் கூடாதென்று அங்கேயே ஏற்பாடு. குழந்தை பிறக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அக்காளின் ஆசை. ஆசை என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை, அது பிடிவாதம். "போங்க, ஆனா கால நீட்டி உக்காரணும்" என்றார் டாக்டர். அத்தானின் நாலாவது வண்டியில் முன் சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினால் அக்காள் சுகமாகக் கால் நீட்ட முடிந்தது.

"இதுவே போதுங்க" என்றாள்.

அத்தானுக்குப் போதவில்லை. புதிதாக வந்த மாடலில் பொத்தானை அழுத்தினால் சீட்டே கதவுப் பக்கம் திரும்பி, வாருங்கள் என்று அழைக்குமாம். "எல்லாம் உனக்காகத்தான்" என்றார். தனக்குப் பிடித்ததை வாங்க நினைக்கிற ஆண்பிள்ளைக்கு மனைவியின் மடங்காத காலைப் போல உதவுகிற காரணம் வேறு கிடையாது.

துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே நடுங்குகிற குளிர், விரல் நுழையாத கோப்பையில் காபி. எதிரே வந்தவருக்கு 'உறவு மேலாளர்' என்று பதவி.

"வாங்க சார், இது உங்க வீடு" என்றார்.

சொந்தப் பெரியப்பா மகன்கூட என்னைப் பார்த்து அவ்வளவு சிரித்ததில்லை. அத்தான் சாம்பல் நிறம் கேட்டார். அங்கே அதற்குச் சாம்பல் என்று பெயரில்லை. 'மழைக்கு முந்தைய மேகம்.' பழைய வண்டியை அன்றைக்கே ஒப்படைத்தால்தான் சலுகை என்றார்கள். ஒப்படைத்தார். பின்பக்க யார்டுக்கு அதை ஓட்டிக்கொண்டு போவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புது வண்டி எப்ப வரும்?"

"அடுத்த வாரம், கண்டிப்பா சார்."

அடுத்த வாரம் வண்டி கப்பலில் இருந்தது. அதற்கடுத்து துறைமுகத்தில். பிறகு ஏதோ நகம் அளவு எலக்ட்ரானிக் சில்லு வரவில்லை. சில்லு வந்தபோது மேக நிறம் தீர்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு முறையும் அத்தான் நேரில் போவார், குட்டிக் கோப்பையில் காபி குடிப்பார், "அடுத்த வாரம், கண்டிப்பா" என்பதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்புவார். ஒருநாள் அவர் கண்ணெதிரே வேறொரு குடும்பம், மழைக்கு முந்தைய மேகத்தில் ஏறிப் போயிற்று. அவர்கள் ஆர்டர் கொடுத்ததே போன வாரம்தானாம்.

"அவங்க புதுசு சார். வேற கம்பெனி வண்டி வச்சிருந்தவங்க. விட்டா போயிடுவாங்க" என்று உறவு மேலாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க எங்க போயிடப் போறீங்க? நம்ம குடும்பம்."

அத்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னார். அக்காள் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அதாவது, நகராதவன் தலையிலதான் மூட்டையை வைப்பாங்க. சரிதானே?"

அதற்குள் மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. ஒரு வாடகைக் காரை வரவழைத்துப் பார்த்தோம். தெருமுனைவரை போவதற்குள் அக்காளின் முகம் வெளிறிவிட்டது, திரும்பி வந்துவிட்டோம். பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். அது வேறொரு கம்பெனியுடையது.

"அதுலயா?" என்றார் அத்தான், நான் ஏதோ விஷம் கொடுத்த மாதிரி. "ஒரு வாரம் பொறு மாப்ள. சொல்லியிருக்காங்க."

"ஏங்க, உங்க கம்பெனி வண்டியில போனாத்தான் நான் பாட்டி ஆவேனா?" என்று அக்காள் கேட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மாதக் கடைசியில் ஷோரூமிலிருந்து அழைப்பு வந்தது. ஓடினோம். நடுக்கூடத்தில் சிவப்புத் துணி போர்த்திய கார். அத்தானின் கண் கலங்கிவிட்டது. உறவு மேலாளர் அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், ஒரு சின்ன உதவி. இது காட்சிக்கு வச்ச வண்டி. உங்களது அடுத்த வாரம், கண்டிப்பா. ஆனா இந்த மாசக் கணக்குல ஒண்ணு குறையுது. நீங்க சும்மா துணிய விலக்கி, சாவிய வாங்குற மாதிரி ஒரு போட்டோ. குடும்பத்துக்குள்ள இதெல்லாம்…"

குடும்பம் என்ற சொல் அத்தானுக்கு மயக்கமருந்து. துணியின் ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் பிடித்து இழுத்தோம். ஊழியர்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். ஆள் உயரத்தில் முக்கால்வாசி இருக்கும் ஓர் அட்டைச் சாவியைக் கொடுத்தார்கள். பளிச்சென்று ஒரு படம். பூச்செண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அடுத்தவருக்கு வேண்டுமாம். சாவியின் பல் மடங்கியிருந்ததால் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதை பஸ்ஸில் ஏற்ற நாங்கள் பட்ட பாட்டைக் கண்டக்டர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்திருப்பார்.

கம்பெனியைப் பொறுத்தவரை அன்றோடு வேலை முடிந்தது. கம்ப்யூட்டரில் அத்தானுக்கு வண்டி கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டவனுக்கு இன்னொன்று எதற்கு? உறவு மேலாளர் போனை எடுப்பதை நிறுத்தினார். கம்பெனியின் மற்றவர்கள் எல்லாரும் அழைத்தார்கள். புது வண்டி எப்படி ஓடுகிறது என்று ஒருத்தி கேட்டாள். "பத்துக்குப் பத்து குடுங்க சார், இல்லன்னா எங்களுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்க" என்றாள். பாவப்பட்டு, கண்ணால் பார்க்காத வண்டிக்குப் பத்து மார்க் போட்டார் அத்தான்.

அடுத்த அழைப்பு வந்தபோது அவர் கடையில் இருந்தார். வீட்டில் அக்காள் எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"முதல் சர்வீஸா? குடுக்கலாமே" என்றாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "எத்தனை நாள் ஆகும்? … அதுவரைக்கும் நாங்க எதுல போறது?" பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓ, வைரக் குடும்பத்துக்கு மாத்து வண்டி உண்டா? சந்தோஷம்மா. நீ நல்லா இருக்கணும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "டேய், அந்தச் சாவிய எங்க வச்சிருக்கார் உங்க அத்தான்?"

மறுநாள் அத்தானும் நானும் வாடகைக் காரின் பின் சீட்டில் அக்காளைக் குறுக்காக உட்கார வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கொஞ்ச தூரத்தை அவள் தாங்க, ஷோரூமுக்குப் பின்னால் இருக்கும் சர்வீஸ் நிலையத்துக்குப் போனோம். இங்கே குளிரும் இல்லை, காபியும் இல்லை. மேசைக்குப் பின்னாலிருந்த சர்வீஸ் பொறுப்பாளர் வண்டி எங்கே என்று கேட்டார்.

"உங்ககிட்டதான் இருக்கு" என்றாள் அக்காள்.

"எங்ககிட்டயா?"

"நாங்க எடுத்துட்டுப் போகவே இல்லையே."

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். "டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுதேம்மா."

"ஆமா. போட்டோ இருக்கு. சாவியும் இருக்கு. ஏங்க, சாவிய வைங்க."

அத்தான் அட்டைச் சாவியை மேசைமேல் வைத்தார். மேசை போதவில்லை. பொறுப்பாளர் அந்தச் சாவியைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், ஷோரூம் இருக்கும் திசையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு சிரிக்காமல் இருக்க அவர் பட்ட சிரமம் தெரிந்தது.

"இத நான் என்னன்னு போடுறது?"

"எங்க வண்டி உங்க இடத்துல நின்னா அதுக்கு என்ன பேரு? சர்வீஸ்தானே? இல்ல, டெலிவரியே ஆகலன்னா அதையாவது எழுதிக் குடுங்க. தலைமை ஆபீஸுக்கு அனுப்பிக்கிறேன்."

உறவு மேலாளரை வரவழைத்தார்கள். கதவைத் திறக்கும்போது இருந்த சிரிப்பு, சாவியைப் பார்த்ததும் பாதியானது. தலைமை ஆபீஸ் என்ற சொல்லில் மீதியும் போயிற்று.

"சர்வீஸ்னே போட்டுடுங்க" என்றார், தரையைப் பார்த்து.

"மாத்து வண்டி?" என்றாள் அக்காள்.

"இப்போ கைவசம் எதுவும் இல்லீங்க மேடம். பின்னாடி பழைய வண்டி ஒண்ணுதான்…"

கொண்டு வந்து நிறுத்தினார்கள். அத்தானின் நாலாவது வண்டி. விற்பனைக்கென்று கழுவித் துடைத்து, முன்கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: 'ஒரே உரிமையாளர். அன்புடன் பராமரிக்கப்பட்டது.'

அத்தான் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடிக் கடைக்காரர், எழுத்து தெரியாமல் இல்லை.

"இந்தக் கட்டடத்துல இது ஒண்ணுதான் உண்மை" என்றார் மெதுவாக. அந்தக் கம்பெனியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் குறை அது.

அக்காள் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். சீட்டு கடைசிவரை பின்னால் தள்ளியபடியே இருந்தது, யாரும் தொடவில்லை. நான் பின்னால் சாவியோடு உட்கார்ந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் அத்தான் வாயைத் திறந்தார்.

"இத்தனை வருஷம் அவங்கள நம்பி…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"வண்டிய நம்பினீங்க. அது ஒழுங்காத்தானே ஓடுது?" என்றாள் அக்காள். "ரோட்டப் பாருங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அழுதாள். விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது அந்த அட்டைச் சாவி பின் சீட்டு ஜன்னலில் இருக்கிறது, குழந்தை முகத்தில் வெயில் படாமல். மழைக்கு முந்தைய மேகம் ஒருவழியாக வந்துவிட்டது என்று உறவு மேலாளர் அத்தானுக்குப் போன் செய்தபோது, எங்கள் ஊருக்கு வந்திருந்த பேத்தியை நாங்கள் தடுப்பூசிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம். அத்தான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தார்.

"அடுத்த வாரம் வர்றேன், கண்டிப்பா" என்றார்.

"சார், போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. மாத்து வண்டியத் திருப்பணும் சார். இடத்த அடைச்சிட்டு புது வண்டி சும்மா நிக்குது…"

அத்தான் பின்பார்வைக் கண்ணாடியில் பேத்தியைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, மிகுந்த பாசத்தோடு சொன்னார்:

"நான் எங்க போயிடப் போறேன் தம்பி? நம்ம குடும்பம்."