எட்டு மாதம் பீச்சாங்கையில்

வாள்வீச்சு என் வாழ்க்கைக்குள் நுழைந்தது செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். என் ஆட்கள் டெஸ்டுக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு வேலை கிடையாது, போனைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அப்படித் தேய்த்ததில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. முகத்தில் கொசுவலை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் ஒருவரை ஒருவர் குத்துகிறார்கள். முதல் வீடியோவுக்குச் சிரித்தேன். ஐந்தாவது வீடியோ முடிவதற்குள் டெஸ்ட் முடிந்து என் ஆள் தேடி வந்துவிட்டார். பாஸா ஃபெயிலா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே ஜன்னல் திரைச்சீலைக் கம்பியைக் கழற்றி மொட்டை மாடிக்குப் போனேன். வாள்வீச்சுக் கிளப்புக்குப் போக வேண்டுமென்றால் சென்னை. எனக்கு வாத்தியார் போன்தான். ஒரு சேனலில் தாடி வைத்த ஓர் ஆள் நின்று, நகர்ந்து, பாய்ந்து காட்டுவார். அவர் பேசும் மொழி புரியாது. சட்டையில் இருந்த எழுத்தும் புரியவில்லை. ரஷ்யா போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வாளை அவர் இடது கையில் பிடித்தார், நானும் பிடித்தேன். கியர் போடும் கை அதுதானே, சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

பிறகு டெலிகிராமில் 'வாள் அரட்டை' குரூப்பில் சேர்ந்தேன். தூத்துக்குடி முதல் கோலாலம்பூர் வரை ஆயிரத்துச் சொச்சம் பேர். யாராவது ஐந்து வினாடி வீடியோவைப் போட்டு "புள்ளி யாருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள், இருநூறு பேர் அடித்துக்கொள்வார்கள். அரை வினாடிக்காகச் சேலத்துக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் மூன்று நாள் சண்டை போட்டதை நான் டிபன் சாப்பிட்டபடி பார்த்திருக்கிறேன். பார்ப்பதோடு நிற்பேனா? இரண்டு முறை கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறினேன். இரண்டு முறையும் என்னைத் திரும்பக் கூப்பிட்டது ஒரே ஒரு ஆள், ஷாரோன்.

ஷாரோன் சதுரங்கப்பட்டினத்துக்காரி. இருபத்தாறு வயது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவளுடைய முதல் வீடியோ எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பழைய கோட்டைச் சுவர் ஓரம், மூங்கில் குச்சியோடு நிற்கிறாள். நிற்பது அழகு, நகர்வது அதைவிட அழகு. ஆனால் குச்சி வலது கையில். எனக்குப் பகீரென்றது. குரூப்பில் சொன்னால் பெண்ணுக்கு அவமானம் என்று தனியாக எழுதினேன்: "சூப்பரா நிக்கிறம்மா. ஆனா கை மாறிப்போச்சு. வாள் பீச்சாங்கையில புடிக்கணும்."

"சரிக்கா" என்று பதில் வந்தது. மறுநாள் வீடியோவில் கை மாறியிருந்தது. ஒரு வாரம் குடித்தவள் மாதிரி தடுமாறினாள், அப்புறம் தேறிவிட்டாள். என் கோச்சிங்கை நானே மெச்சிக்கொண்டேன்.

அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அவள் வீடியோ எனக்கு, என் வீடியோ அவளுக்கு. குரூப்பில் மற்றவர்கள் போடும் வீடியோக்களில் முக்கால்வாசிப் பேர் வலது கையில்தான் பிடித்திருந்தார்கள். உலகத்தில் இத்தனை பேர் தப்பாகக் கற்றுக்கொள்கிறார்களே என்று பரிதாபப்பட்டேனே தவிர, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. அவர்களோ நாங்கள் இரண்டு பேரும் பிறவியிலேயே இடது கைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படி எட்டு மாதம் ஓடியபோதுதான் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. மாநிலப் போட்டிக்குப் போகும் மாவட்டப் பெண்கள் அணிக்கு மூன்று பேர் தேவை. இரண்டு பேர் ரெடி, ஓர் இடம் காலி. ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரத்தில் ஒரு ஷெட்டில் தேர்வு, மதியத்துக்குள் பெயர் அனுப்பியாக வேண்டும். இப்படிக்கு, கோச் விஜயகுமாரி.

எனக்கு அந்த இடம் வேண்டும். முப்பத்துமூன்று வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் வேண்டும். வெள்ளைச் சட்டையின் முதுகில் 'கண்ணகி' என்று எழுதிக்கொண்டு ஒரே ஒரு தடவை நின்றுவிட்டால் போதும். அந்த வாரம் கிளட்சை விடத் தெரியாதவர்களிடம்கூட அன்பாகப் பேசினேன்.

"கண்டிப்பா வரோம்" என்று நெருப்புப் படம் போட்டவர்கள் பதினைந்து பேர். வந்தவர்கள் இரண்டு பேர், நானும் ஷாரோனும். அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வீடியோவில் பனைமரம் போல இருந்தவள் என் தோளுயரம்தான் இருந்தாள்.

"அக்கா, இன்னா இவ்ளோ குண்டா கீறீங்க!" என்று கட்டிக்கொண்டாள்.

"நீ மட்டும் இன்னா, பாதிதான் கீற!" என்றேன்.

விஜயகுமாரி மேடம் பையைத் திறந்து ஆளுக்கொரு வாள் கொடுத்தார். எப்பே வகை; உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை நுனி எங்கே பட்டாலும் புள்ளி. முதன்முதலாக நிஜ வாள் கையில் கிடைக்கும் சந்தோஷத்தில் வாங்கினேன். அதன் பிடி விரல்களுக்கென்று வளைவு வளைவாக இருந்தது. என் விரல் ஒன்றுகூட அதில் உட்காரவில்லை.

"இன்னா மேடம், புடி கோணலா கீது?"

"அது வலது கைப் பிடிம்மா. நீங்க லெஃப்ட்டா?"

"சேச்சே. சாப்புடுறது, எழுதுறது எல்லாம் சோத்துக் கைதான். ஆனா வாள்னா பீச்சாங்கையிலதானே புடிக்கணும்?"

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். தாடிக்காரர் வீடியோவைக் காட்டினேன். சட்டை எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் வெளியே போய், என் காரின் பக்கக் கண்ணாடிக்கு நேராகப் போனைப் பிடித்தார். கண்ணாடியில் ரஷ்ய எழுத்து அத்தனையும் சுத்தமான ஆங்கிலம் ஆனது. தாடிக்காரர் வாளை வலது கையில் பிடித்திருந்தார்.

"திருட்டு வீடியோம்மா. எவனோ காப்பி அடிச்சு, மாட்டிக்கக் கூடாதுன்னு இடம் வலமா திருப்பிப் போட்டுகிறான்" என்று சொல்லிவிட்டு மேடம் சிரித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதம்! அந்தத் திருடன் கையில் கிடைத்தால் ஹைவேயில் நட்டநடுவே இறக்கிவிட்டு வருவேன். கோபத்தோடு ஷாரோனைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் கத்தியிருக்க வேண்டும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணாவது நாளே தெரியும்க்கா."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னா கோச்சிக்கினு குரூப்ப வுட்டு போய்டுவீங்க. ரெண்டு தபா போனீங்க இல்ல? எங்க வூட்ல நான் குச்சிய தூக்குனாலே சிரிக்கிறாங்க. உங்கள வுட்டா என் வீடியோவ டெய்லி பாக்க வேற யாருக்கா கீறாங்க?"

நான் பார்ப்பதற்காக ஒருத்தி எட்டு மாதம் கை மாற்றிப் பழகியிருக்கிறாள். என் வாய்க்குப் பயந்து.

"தப்பு என்னுதுடி" என்றேன். சொல்லிவிட்டதும் எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "நீ சோத்துக் கையிலயே ஆடு. நான் தோத்தாலும் பரவால்ல, என் மனசாவது ஆறும்."

ஷாரோன் நிமிர்ந்தாள். "வேணாம்க்கா. நீங்க மாத்தி வுட்ட கையாலயே உங்கள அடிக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. எனக்கும் சுர்ரென்று ஏறியது. சரி, வா பார்க்கலாம்.

மேடத்திடம் நேர்ப்பிடி போட்ட பழைய வாள் இரண்டு இருந்தன. அது எந்தக் கைக்கும் பொருந்தும். கையுறை எல்லாம் வலது கைக்கானவை. உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டச் சொன்னார். புள்ளியைச் சொல்லும் மின்சாரப் பெட்டியைக் கொண்டுவரவில்லை. அதனால் குத்து பட்டவரே "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும், முதலில் ஐந்து புள்ளி எடுப்பவர் பெயர் மதியம் போகும்.

முதல் இரண்டு புள்ளியும் எனக்கு. ஷாரோன் "பட்டுச்சு, பட்டுச்சு" என்று பூ விற்பவள் போலச் சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். அடுத்த மூன்றும் அவளுக்கு. வலைக்குள் மூச்சு முட்டியது, வேர்வை கண்ணில் இறங்கியது. கம்பியை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் குதித்தபோது ஒன்று தெரியவில்லை: எதிரில் இருப்பவரும் யோசிப்பார். நான் மூன்றுக்கு மூன்று ஆக்கினேன், நான்குக்கு மூன்று ஆக்கினேன். ஷாரோன் நான்குக்கு நான்கு ஆக்கினாள்.

கடைசிப் புள்ளிக்கு அவள் மார்பைப் பார்த்து முழு உடம்போடு பாய்ந்தேன். அவள் சட்டென்று குனிந்தாள். என் வாள் அவள் தலைக்கு மேல் காற்றைக் குத்தியது. அதே நேரம் என் முன்கால் ஷூவின் மேல் டொக் என்று ஒரு தட்டு. மேடம் மறுபக்கம் நின்றார். பார்க்கவில்லை என்று அவர் முகமே சொன்னது. ஷாரோன் குனிந்தபடியே இருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

முதுகில் 'கண்ணகி' என்று எழுதிய வெள்ளைச் சட்டை கண்முன் வந்து நின்றது.

"பட்டுச்சு!" என்று கத்தினேன், யாரையோ திட்டுவதுபோல.

மாஸ்க்கைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாஸ்க்குக்குள் அழுவது சௌகரியமாக இருந்தது. மேடம் போனில் ஷாரோனின் பெயரை அனுப்பி முடித்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு, மாநிலப் போட்டிக்கு இருபது நாள்தான் இருக்கிறது, அங்கே எதிரே நிற்கப்போகிறவர்கள் அநேகமாக எல்லாரும் வலது கை என்றார்.

"இடது கைக்காரி உன்னைப் பார்த்து அவங்க தடுமாறுவாங்க. ஆனா நீ இதுவரைக்கும் ஒரு வலது கை ஆளோடகூட ஆடினதில்ல. இருபது நாளுக்கு யாரையாவது புடிம்மா."

அணியின் மற்ற இரண்டு பேரும் சென்னைக் கிளப்பில் பழகுகிறவர்கள். சதுரங்கப்பட்டினத்தில் வாள் பிடிக்கத் தெரிந்த இன்னோர் ஆள் கிடையாது. செங்கல்பட்டிலும் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். ஷாரோன் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, சோத்துக் கையில புடிங்க."

"போடி. நான் மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

"ஆமாக்கா. இப்பவே ஆரம்பிச்சிடலாம், எந்திரிங்க."

எழுந்தேன். கையுறையைக் கழற்றித் திருப்பி வலது கையில் மாட்டிக்கொண்டு வாளை எடுத்தேன். சாப்பிடுகிற, எழுதுகிற, ஸ்டீயரிங் திருப்புகிற என் சொந்தக் கை, வாளைப் பிடித்ததும் அடுத்த வீட்டுக்காரி கை மாதிரி முரண்டு பிடித்தது. வலது காலை முன்னால் வைத்து, முட்டியை மடக்கி நின்றேன்.

"இன்னும் கீழ" என்றாள் ஷாரோன்.

இறங்கினேன்.