கிளியனூருக்குப் பறந்த தபால் பை

சகாயசெல்வி மரக்காணம் தபால் நிலையத்தில் கடிதம் பட்டுவாடா செய்பவள். கணவன் அசோகன் மெட்ராசில் இருந்தான். அவள் பலூனில் ஏறப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து உப்பளத்தில் வேலை செய்யும் மாமியார் அமலோற்பவம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மானத்துல தொங்கறதுக்கா கவர்மெண்ட் வேலைக்குப் போன? முடியாதுன்னு சொல்லிட்டு வா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். மீதியையெல்லாம் சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே சொன்னாள்.

செல்விக்கும் அதில் ஆசையொன்றும் இல்லை. புதுச்சேரியில் இருக்கும் தபால்தலை சேகரிப்போர் சங்கம் செய்த ஏற்பாடு அது. நெடும்பயணம் முடித்துத் திரும்பும் ஒரு பாய்மரக் கப்பல் மரக்காணத்துக்கு எதிரே நங்கூரம் போடும். மாலுமிகள் கையெழுத்திட்ட நினைவு உறைகள் படகில் கரைக்கு வரும். கரையிலிருந்து பலூனில் மேற்கே இருக்கும் கிளியனூருக்குப் பறந்து, அங்கே முத்திரை வாங்கும். தபால் பையோடு துறை ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும் என்றார்கள். போஸ்ட் மாஸ்டருக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும். ஆகவே செல்வி.

மாசி மாதத்து மாலையில், கடல்காற்று மேற்கே வீசத் தொடங்கியதும், படகிலிருந்து இறங்கிய மாலுமி பையை அவளிடம் கொடுத்து சல்யூட் அடித்தார். சங்கச் செயலாளர் தனக்கோடி முதல் ஆளாகக் கூடைக்குள் ஏறினார். பேங்கில் ஓய்வு பெற்றவர், கனத்த உடம்பு. பலூன் ஓட்டும் சிலம்பரசன் தலைக்கு மேலே நெருப்பைத் திறந்துவிட்டான். மணல் மெல்லக் கீழே போயிற்று.

செல்வி கண்ணை இறுக்கி மூடி மாதாவைக் கூப்பிட்டாள். திறந்தபோது பின்னால் கப்பல் பொம்மைபோல நின்றது. கீழே சவுக்குத் தோப்பு பச்சைப் பாய்போல விரிந்திருந்தது. பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தனக்கோடிதான் கூடைக்குள் குந்திக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

உப்பளத்துக்கு மேலே வந்ததும் காற்று செத்துப்போனது. சிலம்பரசன் பலூனை ஏற்றிப் பார்த்தான், இறக்கிப் பார்த்தான். நகரவில்லை.

"கேஸ் வீணாப் போவுதுங்க. இங்கியே எறக்கிடட்டுமா?"

"தண்ணியிலயா? கவரெல்லாம் நனைஞ்சிடும்பா!" என்று அலறினார் தனக்கோடி.

கீழே பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தலையில் துண்டு கட்டிய அமலோற்பவத்தைச் செல்வி கண்டுகொண்டாள்.

"அத்தே! கயிறு போடறோம், புடிங்க!"

அமலோற்பவம் கையிலிருந்த உப்பு வாரும் பலகையைப் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடி வந்து கயிற்றை எட்டிப் பிடித்தாள்.

"ஏய் பூவிழி, பொன்னி, வாங்கடி! எம் மருமவ மேல நிக்கிறா!"

எல்லோரும் சேர்ந்து தேர் இழுப்பதுபோல இழுத்தார்கள். உப்புத் தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரத்தில் கூடை மிதந்து வந்தது. "பாத்தியில கால வெக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்த உப்பள முதலாளி சிவஞானம், கொஞ்ச நேரத்தில் தானும் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தார்.

ரோட்டோரம் உப்பு குவித்திருந்த மேட்டுக்கு வந்ததும், தனக்கோடி கூடையின் விளிம்பைத் தாண்டிக் குதித்தார். ரோட்டில் பின்தொடர்ந்து வந்த சங்கத்து ஜீப்பைக் காட்டி, "நான் ஜீப்புல வர்றேன்" என்றார். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி வந்தது. பலூன் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது.

"கூடையில கனம் கொறஞ்சிடுச்சு. ஒருத்தர் வரலாம். யாராச்சும் வர்றீங்களா?" என்றான் சிலம்பரசன்.

அமலோற்பவம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"நான் வர்றேன். இவள எப்பிடித் தனியா அனுப்பறது?"

பொன்னியும் பூவிழியும் அவளைத் தூக்கி உள்ளே தள்ளினார்கள்.

மேலே போகும்வரை அமலோற்பவம் மருமகளின் கையை விடவில்லை. பிறகு எட்டிப் பார்த்தாள். "நம்ம கோயிலு எது?" செல்வி கைகாட்டினாள்.

"இம்மாத்தூண்டா இருக்குது! உள்ள நாம எல்லாரும் எப்பிடிடி நிக்கிறோம்?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கழுவெளி ஏரித் தண்ணீரிலிருந்து கொக்குக் கூட்டம் அவர்களுக்குக் கீழே பறந்து போயிற்று.

கிளியனூருக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலில் கூடை மோதிச் சாய்ந்தது. தபால் பையைக் கட்டிக்கொண்டு அமலோற்பவம் வைக்கோலில் உருண்டாள். "அடிபட்டுச்சாம்மா?" என்று சிலம்பரசன் பதறினான்.

"அதெல்லாம் இல்ல. இங்க டீக்கடை எங்கப்பா இருக்குது?"

தபால் நிலையத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். முத்திரை டக் டக்கென்று விழுந்தது. ஜீப்பில் வந்து சேர்ந்த தனக்கோடி ஓர் உறையை நீட்டிப் பறந்தவர்களிடம் கையெழுத்துக் கேட்டார். அமலோற்பவம் எழுத்துக் கூட்டிப் பெரிதாகப் போட்டாள்.

"இத யாருக்கு அனுப்புவீங்க?"

"அனுப்ப மாட்டோம்மா. ஆல்பத்துல வெச்சுக்குவோம்."

"அனுப்பாத கடுதாசிக்கா இந்தப் பாடு?" அவள் உறையைத் திருப்பித் தரவில்லை. செல்வியிடம் நீட்டினாள். "மெட்ராசுல இருக்கிற எம் புள்ள அசோகன் அட்ரச எழுதுடி."

செல்வி விலாசம் எழுதிக் கொடுக்க, அமலோற்பவமே போய்த் தபால் பெட்டியில் போட்டாள். உள்ளே விழுந்துவிட்டதா என்று ஒரு தட்டும் தட்டினாள்.