ஏழு மணிக்கு முன் ஒரு லேப்டாப்

1

என் லேப்டாப்பின் கீல் உடைந்ததால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. இந்தச் சின்ன உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் பெரியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வருகிறதா என்று இப்போதே பழகிப் பார்க்கிறேன்.

தந்தா என்ற அரபு ஊரில், பஹ்ர் தெருவை ஒட்டிய சந்தில், பிஷோயின் கடை. ஐரோப்பாவில் யாரோ பயன்படுத்திவிட்டுத் தள்ளிய லேப்டாப்புகள் கப்பலில் வந்து இறங்கும். பிஷோய் அவற்றைத் துடைத்து, ஜெர்மன் எழுத்துகளின் மேல் அரபி ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்; பழுதும் பார்ப்பார். கடல் தாண்டிப் பிழைக்க வந்த நான் பதினேழு வருடமாகப் பக்கத்து ஊர் நெசவாலையில் துணியில் குறை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் நெய்ததில் குறை சொல்லியே பிழைத்தவன் கதை எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை இனிப் பார்ப்பீர்கள்.

முதல் தொடக்கம்: "ஆகஸ்ட் மாதத்து வெம்மையான மாலையொன்றில், ஒரு தகப்பனும் மகளும் தங்கள்—"

(விட்டுவிட்டேன். 'மாலையொன்றில்' என்று எழுதுகிறவனை எனக்கே பிடிக்காது.)

இரண்டாவது: "தகப்பனை ஏமாற்றுவது என்று யும்னா முடிவெடுத்தபோது அவளுக்கு வயது பதினெட்டு—"

(இதை எழுதியபோது மிகவும் பிடித்திருந்தது. இப்போது பார்க்கவே கூசுகிறது. ஏன் என்பது ஆறாம் பகுதியில்.)

மூன்றாவது: மணி ஆறு இருபது.

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

2

மணி ஆறு இருபதுக்கு, நான் பிஷோயின் மேசைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது, மஹ்ரூஸ் உள்ளே வந்தார். பெரிய பள்ளிவாசல் பக்கம் கொண்டைக்கடலையும் ஹல்வாவும் விற்கிறவர். கையில் இனிப்புப் பெட்டி. அதன் மூடியில் புது எழுத்தில் 'டாக்டர் யும்னாவின் அப்பா கடை' என்று அச்சடித்திருந்தது. பெட்டியைத் திறந்து, மேசையில் உடைந்து கிடந்த என் லேப்டாப்பின் மேலேயே வைத்தார்.

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க. எம்பொண்ணு டாக்டருக்குப் போறா."

"இன்னும் வரலப்பா," என்றாள் பின்னால் வந்த பெண். ஒல்லியான உருவம். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மார்க்கு வந்தாச்சுல்ல? அப்ப சீட்டு வந்த மாதிரிதான். நம்ம மாடிப்படி முழுக்க ஆறு நாளா பொம்பளைங்க குலவை போட்டு ஓயல. இவ என்னமோ இன்னும் வரலங்கறா!"

பிஷோய் ஹல்வாவை வாயில் போட்டுக்கொண்டே வெள்ளி நிறத்தில் மெல்லிசான ஒன்றை எடுத்து வைத்தார். "மெடிசின்னா கவலையே இல்ல. புஸ்தகம் படிக்கணும், நோட்ஸ் எழுதணும், அவ்வளவுதான். இது எட்டு மணி நேரம் சார்ஜ் நிக்கும் டாக்டரம்மா. பையில இருக்கறதே தெரியாது."

யும்னா அதைப் பார்க்கவில்லை. மேல் தட்டில் இருந்த கறுப்பு நிறத் தடியனைப் பார்த்தாள்.

"அது?"

"அது உங்களுக்கு வேணாம்மா. கம்ப்யூட்டர் படிக்கிற பசங்க வாங்கறது. சார்ஜரே ஒரு செங்கல் கனம்."

"மெமரி இன்னொண்ணு போடலாமா?"

"ஒரு இடம் காலியா இருக்கு..."

"ஆன் பண்ணுங்க. ஃபேன் சத்தம் எப்படின்னு கேக்கணும்."

பிஷோய் மெல்லுவதை நிறுத்தினார். பதினைந்து வருடமாக இந்தக் கடைக்கு வருகிறவர்களிடம் 'எந்தக் காலேஜ்' என்று கேட்டுத்தான் அவர் சரக்கை எடுப்பார். பதில் ஒன்றும் கண் ஒன்றுமாக வந்து நின்ற பெண்ணை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். நானும் பார்த்தேன்.

மஹ்ரூஸ் மட்டும் சிரித்தார். "இதைத் தூக்கிட்டு நடந்தா தோள்பட்டை கழண்டுடும். அப்புறம் டாக்டரையே டாக்டர்கிட்ட காட்டணும்!"

3

[இங்கே ஒரு குறிப்பு. ஊர் வழக்கம் தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

பள்ளிப் படிப்பு முடித்து மார்க் வந்ததும் தன்சீக் என்ற அரசுப் பக்கத்தில் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் பட்டியல் போடவேண்டும். மேலிருந்து கீழே வருவார்கள். மார்க் எந்த வரியில் இடம் கொடுக்கிறதோ அங்கே வாழ்க்கை நின்றுவிடும். கதவடைப்பு அன்று மாலை ஏழு மணிக்கு. ஏழு வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஏழுக்குப் பிறகு எழுதினவரே அழுதாலும் நடக்காது. மருத்துவத்துக்குப் போதுமான மார்க் வாங்கிவிட்டு வேறொன்றை முதலில் எழுதுவதை இந்த ஊரில் யாரும் ஆசை என்று சொல்லமாட்டார்கள். கிறுக்கு என்பார்கள்.]

மஹ்ரூஸைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் பிரதியில் அவருக்குப் புஜமும் மீசையும் கொடுத்து, மேசையை ஓங்கிக் குத்துகிறவராக எழுதினேன். கதைக்குச் சவுகரியமாக இருந்தது. ஆனால் உண்மையான மஹ்ரூஸ் இரண்டு வருடம் மகளின் டியூஷன் வாசல்களில் பைக்கில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டு காத்துக் கிடந்தவர். மார்க் தாளை லேமினேட் செய்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். குரல் பெரிது, அவ்வளவுதான். மீசையை எடுத்துவிட்டேன். எடுத்ததும் கதை இன்னும் கஷ்டமாகிவிட்டது. கெட்டவரிடம் பொய் சொன்ன பெண்ணை நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள். இந்த மனிதரிடம் சொன்னவளை என்ன செய்வீர்கள்?

4

"நெட்டு வேகத்தையும் பாத்துக்குங்க," என்று பிஷோய் வெள்ளி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். "ஏதாவது பக்கத்தைத் திறங்க."

அவள் தன்சீக் பக்கத்தைத் திறந்தாள். வீட்டில் ஆறு நாளாக அதைத் தவிர வேறு எதையும் திறந்திருக்கமாட்டார்கள். கை தானாகப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

மஹ்ரூஸுக்குச் சந்தோஷம். "ஆங், அதையே காட்டு! டாக்டர் பட்டியல் எப்படி இருக்கும்னு இவங்களும் பாக்கட்டும். அன்னிக்கு நீயே உள்ள உக்காந்து போட்டுட்ட, நானும் பாக்கலியே."

தேர்வு எண்ணை அவளே அடித்தாள். அடுத்தது ரகசிய எண். அந்தச் சீட்டு மஹ்ரூஸின் பர்ஸில் நான்காக மடித்து இருந்தது. அவர் பிரித்து, தூரமாகப் பிடித்து, வாசித்தார்.

"ஏழு."

அடித்தாள்.

"ரெண்டு."

அடித்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பத்தாறு. பதினான்கு நிமிடம். பட்டியல் திறந்தால், அதை அப்பா திருத்தச் சொல்லப் பதினான்கு நிமிடம் தாராளம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதில் முதலில் இருப்பது மருத்துவம் இல்லை.

"ஏழு."

அடித்துவிட்டு அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என்னை மட்டும்.

கரண்ட் போய்விட்டது.

ஆகஸ்டில் இங்கே போகும். மேலே விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, எங்கள் நாலு பேர் முகத்திலும் வேர்வை, திரையில் 'இணைப்பு இல்லை'. "சே!" என்றார் மஹ்ரூஸ். பிஷோய் மெயின் சுவிட்சைப் பார்க்க உள்ளே ஓடினார். மஹ்ரூஸ், இந்த ஊரில் எல்லோரும் செய்வதைப் போல, பக்கத்துக் கடையில் 'உங்களுக்கும் போச்சா?' என்று கேட்கத் தெருவுக்கு இறங்கினார்.

5

இப்போது முடிவுகள்.

(அ) கரண்ட் ஏழு ஐந்துக்கு வருகிறது. எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு தகப்பன் முன்னால் நடக்க, மகள் பின்னால்— (பத்திரிகைக்கு அனுப்பலாம். போடுவார்கள்.)

(ஆ) மஹ்ரூஸ் தெருவில் தன் செல்போனிலேயே பக்கத்தைத் திறந்து, பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி— (வேண்டாம். அந்த மனிதர் சீட்டைப் படிக்கவே கையை நீட்டிப் பிடிக்கிறவர்.)

(இ) யும்னா அழுது, எல்லாவற்றையும் சொல்லி, அவர் அவள் தலையைத் தடவி— (எனக்கும் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது.)

இரண்டு வாரம் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினேன். எந்த முடிவும் ஒட்டவில்லை. பிறகு ஆலையில் துணியைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதுபோல் முதலிலிருந்து வாசித்தேன். குறை முடிவில் இல்லை. நான்காம் பகுதியில் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே பிடித்திருப்பீர்கள்.

கரண்ட் போன கடையில் விசிறி எப்படிச் சுற்றும்?

6

கரண்ட் போகவில்லை. நான் உட்கார்ந்திருந்த முக்காலிக்குக் கீழே ஜங்ஷன் பாக்ஸ். இணையப் பெட்டியின் பிளக் அதில்தான் இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் காலால் பிளக்கைத் தட்டிவிட்டேன். நின்றது இணையம் மட்டும்தான்; அதைத் தேடித்தான் பிஷோய் உள்ளேயும் மஹ்ரூஸ் தெருவுக்கும் போனார்கள்.

பெருமையாகத்தான் இருந்தது. பதினேழு வருடம் அடுத்தவர் நாட்டில் ஒதுங்கி நின்றே பழகியவன் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று. இன்னும் பதிமூன்று நிமிடம் ஓட்டிவிட்டால் போதும். காலைப் பிளக்கின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். யும்னா குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"சித்தப்பா," என்றாள்.* "ஏன் புடுங்குனீங்க?"

(* முன்பின் தெரியாதவரையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.)

"நீ பாத்தியேம்மா. நான் நெனச்சேன்—"

"நானாத்தானே அந்தப் பக்கத்தைத் திறந்தேன்? வேற எதைவேணா திறந்திருக்கலாமே!"

நான் வாசல் பக்கம் பார்த்தேன்; மஹ்ரூஸ் இன்னும் தெருவில்தான் இருந்தார்.

"மெடிசின் ரெண்டாவதுதான் போட்டிருக்கேன். மொதல்ல கம்ப்யூட்டர். ஆறு நாளா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன், தொண்டைய விட்டு வரல. அவரா பாத்துக்கட்டும்னுதான் இந்த நேரம் பாத்துக் கூட்டிட்டு வந்தேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் போனா யாராலயும் மாத்த முடியாதேம்மா. அப்புறம் சொல்லிக்கலாமே?"

"அதான் கூடாதுங்கறேன்!" சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "ஏழுக்கு முன்னாடி அவர் பாக்கணும். மாத்த முடியறப்பவே பாக்கணும். அப்புறம் பாத்தா நான் அவரை ஏமாத்துனதா ஆயிடும்ல?"

"அப்ப என்னை எதுக்குப் பாத்த?"

"வெளியாள் ஒருத்தர் இருந்தா அப்பா கத்தமாட்டாரு. நீங்க எழுந்து போயிடக் கூடாதேன்னு பாத்தேன்."

இரண்டாவது தொடக்கம் நினைவிருக்கிறதா? 'தகப்பனை ஏமாற்றுவது என்று யும்னா முடிவெடுத்தபோது'. அன்று இரவே அப்படி எழுதினேன், இவள் இவ்வளவும் சொன்ன பிறகும். நான் செய்தது சரி என்று ஆகவேண்டுமானால் அவள் ஏமாற்றுக்காரியாக இருந்தாக வேண்டும். என் காலைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தேன், கரண்டின் மேலும் பழி போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

"மாட்டுங்க சித்தப்பா," என்றாள்.

7

மாட்டினேன். மணி ஆறு ஐம்பத்தொன்று. இணையப் பெட்டியில் முதலில் சிவப்பு விளக்கு வரும், பிறகு ஆரஞ்சு, பிறகு பச்சை. இரண்டு நிமிடம் ஆகும்.

மஹ்ரூஸ் படியேறி வந்தார். "பக்கத்துக் கடைல எல்லாம் நெட்டு இருக்கு! இங்க மட்டும் என்ன?" என்றவர் விசிறியைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு மகளை. அவளே தட்டிலிருந்து கறுப்பு லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்து, அதன் ஃபேன் சத்தத்துக்குக் காது கொடுத்துக் குனிந்திருந்தாள். அவர் கையில் ரகசிய எண் சீட்டு விரிந்தபடியே இருந்தது.

"யும்னா," என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகும் என்று நான் நினைக்கவில்லை. "கடைசி நம்பர் எனக்குச் சரியாத் தெரியலம்மா. இந்தா, நீயே பாத்துப் போடு."

அவர் கண்ணுக்குத் தெரியவில்லையா, மனசுக்குத் தெரிந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. சீட்டு மேசையைத் தாண்டிப் போனது. அவள் வாங்கிக்கொண்டாள்.

இதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நான் பார்த்தேன். ஓடவில்லை, எழுந்து வெளியே போகவில்லை. அவள் கேட்டது அது ஒன்றுதான், அதைச் செய்தேன். ஆனால் எழுதமாட்டேன். ஒரு பெண் தகப்பனிடம் தன் வாழ்க்கையைத் திறந்து காட்ட வந்த இடத்தில், அவள் மனசைப் படித்துவிட்டதாக நினைத்து ஒருமுறை காலை நீட்டியவன் நான். முடிவு எழுதுவது இன்னொருமுறை நீட்டுவதுதான். இனி அந்த முக்காலியில் நீங்கள் உட்காருங்கள். காலை மட்டும் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு ஆரஞ்சில் இருக்கிறது. மணி ஆறு ஐம்பத்துமூன்று. மூன்று எண்கள் அடித்தாயிற்று, நான்காவது அவள் கையில். மேசையில் வெள்ளியும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில். உள்ளேயிருந்து வந்த பிஷோய்க்கு இது எதுவும் தெரியாது. பழுப்பு அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு, டேப்பைச் சர்ரென்று இழுத்து, இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்:

"எதைக் கட்டட்டும்?"