காணாமல் போன லாக் பட்டன்

செய்யாத ஒரு தப்பை நீங்கள்தான் செய்தீர்கள் என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி ஒருவர் தாளை நீட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் போட்டிருப்பேன். ஓமானின் சலாலாவுக்கு வந்து இருபத்தொரு வருடம். நீட்டிய தாளில் எல்லாம் போட்டே பழகிவிட்டேன். துஃபூல் போடவில்லை.

துஃபூல் இந்த ஊர்ப் பெண். எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறாவது மாத முடிவில்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அதற்குள் அவள் பெயரில் ஒரு குற்றக் குறிப்பு ஏறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை மதியம் 12.22க்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர் நின்றுபோனது. ஒரு மணி நேரம் எந்த ரிப்போர்ட்டும் வெளியே வரவில்லை. அது தானாக விழவில்லை. யாரோ கட்டளை கொடுத்து ஒழுங்காக அணைத்திருக்கிறார்கள். ஆண்கள் எல்லோரும் லுஹர் தொழுகைக்குப் போயிருந்த நேரம். நான் கேண்டீனில் இருந்தேன். அறையில் இருந்தது துஃபூல் மட்டும். எங்கள் எல்லோருக்கும் ஒரே அட்மின் பெயர், ஒரே பாஸ்வேர்ட். அது தப்பு என்று பத்து வருடமாக எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தலைவர் முசல்லம் அந்தத் தாளோடு வந்தார். வெளியே கரீஃப் மழைக்காலத் தூறல். தலைப்பாகையில் பொட்டுப் பொட்டாக ஈரம். திட்டவில்லை, பிந்தி, அதாவது மகளே என்று அழைத்துக் கெஞ்சினார்.

"பிந்தி, தெரியாம கை பட்டுடுச்சுன்னு எழுதியிருக்கேன். நாளைக்குக் காலையில விசாரணைக் குழு உக்காருது. நீயே ஒத்துக்கிட்டா ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடலாம். நான் பேசறேன்."

"கை படலையே அபூ சயீத்." சயீதின் அப்பா என்ற பொருளில் முசல்லத்தை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அப்ப யாரு அணைச்சது? ஜின் பூதமா?"

"யாருன்னு லாக் சொல்லும். எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து கட்டளை வந்துச்சுன்னு அதுல இருக்கும்."

"சரி, காட்டு."

அவளால் காட்ட முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று பெரிய இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் நாற்பது சர்வர்கள் வாடகைக்குக் குடியிருப்பது மாதிரி ஓடுகின்றன. அத்தனையையும் ஒரு திரையிலிருந்து ஆளும் மென்பொருளை மேனேஜர் என்போம். யார், எப்போது, எங்கிருந்து, என்ன செய்தார் என்ற குறிப்புதான் லாக். அதைப் படிக்க மேனேஜர் திரையின் இடது ஓரத்தில் ஒரு பட்டன் இருந்தது. மஸ்கட்டில் இருக்கும் ஒப்பந்தக் கம்பெனியின் நிசார் பத்து நாள் முன்புதான் அதைப் பொருத்திக் கொடுத்திருந்தான். இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் தர்றேன்," என்றார் முசல்லம். தாளை அவள் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். அவள் அதை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தாள்.

"அகூய் ஜெகன், உனக்கு வேலை இருக்கா?" அண்ணே என்பதற்கு அவள் மொழியில் அகூய்.

"இருக்கு."

"அப்புறம் செய்யி. இங்க வா."

வழக்கமாக எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தோம். வெளியேறி மறுபடி நுழைந்தோம். வேறு பிரௌசரில் திறந்தோம். அட்மினுக்கு லாக் பார்க்கும் உரிமையை யாராவது எடுத்துவிட்டார்களா என்று பார்த்தோம், எடுக்கவில்லை. பட்டனுக்குப் பின்னால் ஓட வேண்டிய சேவை நின்றிருக்கிறதா என்று தேடினோம். நிற்கவில்லை. பட்டியலிலேயே இல்லை.

நிசாருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஹலா ஜெகன்! சலாலாவுல மழையாமே, குடுத்து வச்சவன்யா நீ. இங்க வறுத்து எடுக்குது."

"நிசார், லாக் பட்டனைக் காணோம்."

"ஓ, அதுவா? இலவசச் சோதனைக் காலம் முடிஞ்சிருக்கும். தானா மறைஞ்சிடும். புதுசா வாங்கணும்னா கம்பெனிக்கு எழுதுங்க, ரெண்டு வாரத்துல வரும்."

"ரெண்டு வாரமா? நாளைக்கு வேணும்," என்றாள் துஃபூல்.

"அவசரப்பட்டா ஆகுமா சிஸ்டர்?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

நான் நம்பிவிட்டேன். அவன் படித்தவன், நான் வயர் இழுக்க வந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா," என்றேன்.

"காலம் முடிஞ்சா முடிஞ்சிடுச்சுன்னு பட்டனைத் தொட்டதும் சொல்லும். பட்டனே எப்படிப் போகும்? உன் லைசென்ஸ் முடிஞ்சா காரே வாசல்லேர்ந்து காணாம போயிடுமா?"

அவள் திரையில் சர்வர்களின் பட்டியலை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினாள். பாதியில் விரல் நின்றது.

"டயாலிசிஸ் ஃபோல்டர் எங்க?"

"எந்த ஃபோல்டர்?"

"போன புதன்கிழமை நான் போட்டது. டயாலிசிஸ் சர்வர் நாலையும் ஒண்ணா அதுக்குள்ள வச்சேன். நீதானே பக்கத்துல நின்னு, நல்லா இருக்குன்னே?"

சொன்னேன்தான். நான்கு சர்வர்களும் இப்போது பழையபடி பட்டியலில் சிதறிக் கிடந்தன.

"பட்டனை யாரும் எடுக்கலை," என்றாள். "பட்டன் வர்றதுக்கு முன்னாடி இருந்த நாளுக்கு மேனேஜரைத் திருப்பியிருக்காங்க."

எங்கள் தொழிலில் எதைத் தொடும் முன்னும் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்போம். ஸ்னாப்ஷாட் என்று பெயர். வேலை கெட்டுப்போனால் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். வேலை முடிந்ததும் அதை அழிக்க வேண்டும். யாரும் அழிப்பதில்லை. பட்டனைப் பொருத்தும் முன் நிசார் எடுத்த ஸ்னாப்ஷாட் பத்து நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது.

திங்கட்கிழமை சர்வர் நின்ற பிறகு கால் மணி நேரம் மேனேஜர் பக்கமே திறக்கவில்லை என்று துஃபூல் முந்தின நாளே சொல்லியிருந்தாள். நெட்வொர்க் கோளாறாக இருக்கும் என்றேன் நான். அந்தக் கால் மணி நேரத்தில்தான் யாரோ அதைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். மேனேஜரின் லாக்கும் கூடவே பின்னால் போய்விட்டது.

"அப்ப எல்லாம் போச்சே," என்றேன்.

"இல்ல. மேனேஜரும் ரெண்டாம் பெட்டிக்குள்ள குடியிருக்கிற ஒரு சர்வர்தான். அதைத் திருப்பணும்னா பெட்டிக்குள்ள நேரா நுழைஞ்சுதான் திருப்பணும். பெட்டிக்குன்னு தனி லாக் இருக்கு. அதைத் திருப்ப யாராலயும் முடியாது."

ஆனால் பெட்டியின் லாக் சின்னது. நிரம்பினால் பழைய பக்கங்களை அதுவே அழித்துவிடும். ஒன்றரை நாள் தாங்கினால் அதிகம். மணி அப்போது மூன்றேகால்.

பெட்டிக்குள் நேராக நுழையத் தனிப் பாஸ்வேர்ட். அது ஓர் ஒட்டிய உறையில், முசல்லத்தின் மேசை இழுப்பறையில் இருந்தது. துஃபூல் போய் அவர் முன்னால் நின்றாள்.

"இதைத் திறக்கணும்னா காரணம் எழுதணும் பிந்தி. டைரக்டர் வரைக்கும் போகும்."

"எழுதுங்க."

"உள்ள ஒண்ணும் இல்லைன்னா?"

"அந்தத் தாள்ல உங்க கண்ணு முன்னாடி கையெழுத்துப் போடறேன்."

முசல்லம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டியது பிரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "இந்தப் பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்?"

"வச்சவனுக்கு," என்றேன் நான். வைத்தவன் நிசார்.

போன ஈத் அன்று முசல்லம் வீட்டுத் தட்டில் எங்களோடு கை வைத்துச் சாப்பிட்டவன் நிசார். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே தூறலைப் பார்த்தார். உறையைக் கிழித்தார்.

சர்வர் அறை குளிருக்கு துஃபூல் அபாயா அங்கியின் மேல் தன் அண்ணனுடைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். தள்ளுவண்டியில் திரையும் கீபோர்டும் கொண்டுபோய் இரண்டாம் பெட்டியில் சொருகினேன். பாஸ்வேர்டை முசல்லம் படிக்கப் படிக்க அவள் அடித்தாள். 12.22 என்று தேடினோம். ஒன்றும் இல்லை. 12.20, 12.25. ஒன்றும் இல்லை.

"பிந்தி..." என்று ஆரம்பித்தார் முசல்லம்.

"பொறுங்க." அவள் திரையின் முதல் வரியை விரலால் தொட்டாள். "இந்தப் பெட்டிக்கு ஓமான் நேரம் தெரியாது. நம்மளவிட நாலு மணி நேரம் பின்னால ஓடுது. எட்டு இருபத்திரண்டைத் தேடணும்."

மிச்சமிருந்த பழைய பக்கம் 7.50க்கு ஆரம்பித்தது. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

8.19: வெளியிலிருந்து ஒருவர் நேராக நுழைகிறார். 8.22: பரிசோதனைக் கூடச் சர்வரை அணைக்கிறார். பட்டியலில் அதற்கு அடுத்த வரியில்தான் பழைய சோதனைச் சர்வர் இருக்கிறது. அதை அணைக்க வந்தவர் ஒரு வரி தவறித் தொட்டிருக்கிறார். 8.38: மேனேஜரை ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்புகிறார். 8.55: வெளியேறுகிறார். மொத்தம் பதினான்கு வரி. நுழைந்த இடம், மஸ்கட் கம்பெனிக்கு நாங்கள் கொடுத்திருந்த தனி வழி.

"ஒரு போன் பண்ணி, தப்பாத் தொட்டுட்டேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுதே," என்றார் முசல்லம். "திட்டியிருப்பேன். அவ்வளவுதானே!"

துஃபூல் பதினான்கு வரிகளையும் இரண்டு பென்டிரைவில் எடுத்தாள். திரையைத் தன் போனில் படமும் எடுத்தாள். பிறகு முசல்லத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் உங்க போன்ல ஒண்ணு எடுங்க அபூ சயீத். நான் எடுத்தது மட்டும் போதாதுன்னு நாளைக்கு யாராவது சொல்லுவாங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று படம் எடுத்தார்.

மறுநாள் காலை எட்டரைக்குக் குழு உட்கார்ந்தது. துஃபூல் பதினான்கு வரிகளையும் படித்தாள். முசல்லம் தன் படங்களைக் காட்டினார். துஃபூல் பெயரில் எந்தக் குறிப்பும் ஏறவில்லை. நிசாரின் வழி ஒன்பது மணிக்கு மூடப்பட்டது. ஒன்பதேகாலுக்கு எங்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் வந்தன.