உளி எங்கே வாங்குறீங்க?

நாங்கள் நாட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி தன் பட்டறையைச் சாவியோடு தம்பியிடம் கொடுத்துவிட்டாள். இழைப்புளி, உளி, ரம்பம் எல்லாம் கனத்த சாமான்கள். விமானத்தில் எடுத்துப் போக முடியாது. கப்பலில் அனுப்பக் கேட்ட காசுக்குப் புதிதாகவே ஒரு பட்டறை போட்டுவிடலாம். "போற ஊர்லயும் மனுஷங்க கதவு வெச்ச வீட்டுலதானே இருக்காங்க? அந்தக் கதவ ஏதோ ஒரு உளி வெச்சுத்தானே செஞ்சிருப்பாங்க? அத நான் வாங்கிக்கிறேன்" என்றாள்.

வேலை எனக்குத்தான் கிடைத்திருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். அவள் தொழிற்பயிற்சிப் பள்ளியில் மரவேலைப் பிரிவில் சேர்ந்த ஒரே பெண். படிப்பு முடிந்ததும் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் கதவும் அலமாரியும் செய்ய ஆரம்பித்தவள். எங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது, "பட்டறைய மூட மாட்டேன். சம்மதம்னா மேல பேசலாம்" என்று என் அம்மாவிடம் நேராகச் சொன்னாள். புது ஊரில் இறங்கியபோதும் அவள் மனதில் அதே நிபந்தனைதான் இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த ஊரில் என் அக்கா பல வருடமாக இருந்தாள். எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, இலவசமாகப் புத்தியும் சொன்னாள்.

"இங்க யாரும் மரத்த இழைக்கிறதில்லம்மா. எல்லாம் அட்டைப்பெட்டியில வருது. திருப்புளிய வெச்சுத் திருகினா மேசை, இன்னும் நாலு திருகு திருகினா கட்டில். நீ பேசாம எங்க கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்கு வந்துடு."

"ஏன் அண்ணி, உங்க மேசை ஆடுது?" என்று கேட்டாள் என் மனைவி.

அக்கா மேசைக்காலின் அடியில் செருகியிருந்த காகித மடிப்பைக் கால்விரலால் உள்ளே தள்ளிவிட்டு, "தரை சரியில்ல" என்றாள்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரம்மா கடை வைத்திருந்தார். சாப்பாட்டு மேசை ஒன்றின் மேல் குனிந்து துணி வெட்டி வெட்டி இடுப்பு விட்டுப்போயிருந்தது அவருக்கு. என் மனைவி தச்சு வேலை தெரிந்தவள் என்று கேள்விப்பட்டதும், நின்றபடி வெட்ட ஏதுவாக உயரமான மேசை ஒன்று, அடியில் இழுப்பறைகளோடு, செய்து தர முடியுமா என்று கேட்டார். இவள் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றாள்.

லிஃப்டில் ஏறியதும் கேட்டேன்: "கையில ஒரு சுத்தி கூட இல்ல. எந்த தைரியத்துல ஒத்துக்கிட்ட?"

"ஒத்துக்கிட்டாத்தான் தேடுவேன்" என்றாள்.

தேடல் ஊரின் மிகப் பெரிய கடையில் தொடங்கியது. விமானத்தையே உள்ளே நிறுத்திவிடலாம், அவ்வளவு பெரிய கடை. பெயின்ட், குழாய், பூந்தொட்டி, பல்பு எல்லாம் தாண்டி ஒரு மூலையில் கருவிகள் தொங்கின. அங்கே நின்ற கடைப் பெண், "வீட்டுக்காரருக்குப் பரிசா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். என் மனைவி அந்த ஊர் மொழியை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். வாக்கியங்கள் முழுதாக வராது. ஆனால் அர்த்தம் குறையாது. அவள் பேசியதை நம் வாய்ப்பேச்சுக்கு மாற்றித்தான் சொல்கிறேன். "அவர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். எனக்கு" என்றாள்.

வாங்கி வந்த உளியை அன்று மாலையே, அடித்தளத்தில் எங்களுக்கென்று விட்டிருந்த சாமான் அறையில், ஒரு கடினமான கட்டையில் வைத்துத் தட்டினாள். நாலு தட்டுக்கு உளியின் வாய் மடங்கியது. கட்டையில் நகம் பட்ட அளவுக்குத்தான் அடையாளம். மறுநாள் கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அதன் வாயும் மடங்கியது. மூன்றாவது முறை போனபோது மேலாளரே வந்தார்.

"எதை வெட்டினீங்க இதால?"

"மரத்த."

"என்ன மரம்? எதுக்கு?"

"மேசைக்கால். கட்டைக்குக் கட்டை கோத்து மாட்டுறதுக்குப் பள்ளம் எடுத்தேன்."

அவர் புன்னகைத்தார். "அம்மா, எங்க வாடிக்கையாளர்கள் வீட்டுல படம் மாட்டுறவங்க. இத அவ்வளவு கடுமையா பயன்படுத்தக் கூடாது."

"படம் மாட்ட எதுக்குய்யா உளி?" என்றாள் இவள். "அட்டையில உளின்னு போட்டிருக்கீங்க. உளின்னா மரத்த வெட்டணும். வெட்டாதுன்னா வேற பேர் வைங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பூந்தொட்டிகளைப் பார்ப்பதுபோல் நகர்ந்துகொண்டேன். மேலாளர் காசைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இணையத்தில் வரவழைத்த ரம்பமும் அந்த ஜாதிதான். அதன் பல்லில் அரம் ஏறவில்லை. மழுங்கினால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டுமாம். அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அழுவாளோ என்று பயந்து பக்கத்தில் போனேன். அவள் வேறொரு கணக்கில் இருந்தாள்.

"கடைகளத் தேடுறது தப்புங்க. வேலையத் தேடணும்."

"உனக்கு வேலையா?"

"எனக்கில்ல. யாரோ நல்லா செஞ்ச வேலை. அதச் செஞ்சவன் எங்கயோ உளி வாங்குறான்ல?"

அதிலிருந்து அவளோடு தெருவில் நடப்பது எனக்குப் பெரும் சோதனையாகிவிட்டது. பார்க்கிற கதவையெல்லாம் தடவினாள். வங்கி வாசலில் மண்டியிட்டுக் கதவு நிலையின் அடியைப் பார்த்தாள். காவலாள் வந்து என்னவென்று கேட்டார். கடைசியில் ஒரு ரொட்டிக்கடை வாசலில், ஆட்கள் உள்ளே போகவும் வெளியே வரவும் முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்க இத. ஒரு ஆணி இல்ல. கையால செஞ்சது. போன மழைக்காலத்துக்கு அப்புறம் செஞ்சது, செஞ்சவர் இங்கதான் எங்கயோ இருக்கார்" என்று என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். எனக்கு ரொட்டி வாசம்தான் தெரிந்தது. கடைக்காரர், தன் கதவை இப்படி ஒருத்தி கொஞ்சுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, செய்தவர் இருக்கும் தெருவைச் சொன்னார்.

அவர் மொட்டைத்தலைத் தச்சர். பட்டறைக் கதவை அரை அடிக்கு மேல் திறக்கவில்லை. "வேலைக்கு ஆள் எடுக்கலை" என்றார், இவள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"வேலை கேட்டு வரல. உளி எங்க வாங்குறீங்க?"

அவர் இவளை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இங்க ஏற்கெனவே போட்டி போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் திரும்பி நடக்க ஆரம்பித்தேன். பின்னால் காலடிச் சத்தத்தைக் காணோம். பார்த்தால், பட்டறை ஓரமாக இருந்த குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்து பாதி உடம்பு உள்ளே போய்விட்டாள்.

"ஏம்மா, மானம் போகுது!"

"போகட்டும்" என்ற பதில் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. மரத்தூளும் இழைப்புச் சுருளும் தலையெல்லாம் ஒட்டியிருக்க, தட்டையாக மிதித்த ஓர் அட்டைப்பெட்டியோடு நிமிர்ந்தாள். அதன் பக்கவாட்டில் அனுப்பிய இடத்தின் முகவரி இருந்தது.

ஊரின் எல்லையில், லாரிகள் மட்டும் போய்வரும் சாலையில் இருந்தது அந்தக் கிடங்கு. முகப்பில் அலங்காரம் ஒன்றுமில்லை. உள்ளே நீளமான கவுண்டர். பின்னால் கூரை வரைக்கும் அடுக்குகள். கவுண்டரில் மாதிரிக்காக வைத்திருந்த உளி ஒன்றை இவள் எடுத்தாள். கட்டைவிரலைக் குறுக்கே வைத்து லேசாக நகர்த்தினாள். உளியின் முதுகைத் தட்டிச் சத்தம் கேட்டாள். அவள் முகம் எப்படி மாறியது என்று சொன்னால், நான் கட்டிய தாலிக்கு அப்படி மாறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "பதம் இருக்குங்க" என்றாள் மெதுவாக.

கவுண்டர்காரர் உளியை மரியாதையாகத் திரும்ப வாங்கி வைத்தார். "தொழில் பதிவு இருக்கறவங்களுக்கு மட்டும்தான் குடுப்போம். தனி ஆளுங்களுக்கு விக்கிறதில்லை."

"நான் தனி ஆள் இல்ல. தச்சு வேலை செய்றவ."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பதிவு?"

"கொண்டு வரேன்" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "பதிவுன்னா என்னங்க?" என்றாள்.

அந்த வாரமே பதிவு அலுவலகத்துக்குப் போனோம். கணினிக்குப் பின்னால் இருந்த இளைஞர் நல்லவர்தான். உதவி செய்யும் ஆசையில், தொழில் வகை என்ற இடத்தில் 'கைவினை, பொழுதுபோக்கு' என்று தட்டிவிட்டு, அதில் தொல்லை குறைவு என்றார்.

"மாத்துங்க" என்றாள் இவள். "பொழுது போகலன்னா நான் தூங்குவேன். இது தொழில்."

"அப்ப கட்டட மரவேலைன்னுதான் வரும். வரி கட்டணும். சோதனைக்கு ஆள் வருவாங்க."

"வரட்டும். உக்கார நாற்காலி செஞ்சு வைக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டே மாற்றினார். என் அக்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "டேய் தம்பி, ஒரு மேசைக்காக அரசாங்கத்துல பேர் எழுதிட்டு வந்திருக்காளா? நீயும் கூடப் போயிருக்கியா?" என்றாள். நான் என்ன செய்வேன்? கார் ஓட்டினேன்.

பதிவுச் சான்றோடு மறுபடி கிடங்குக்குப் போனது காலை வேளை. கவுண்டரில் நல்ல கூட்டம். எல்லாரும் தொழில் செய்கிறவர்கள். பேன்ட் முட்டியில் பசையும் தூளும். கவுண்டர்காரர் சான்றைப் பார்த்துத் தலையசைத்தார். இவள் தனக்கு வேண்டிய உளி அளவுகளைச் சொன்னாள்.

"எத்தனை பெட்டி?"

"பெட்டியா? ஒவ்வொண்ணு போதும்."

"பெட்டியாத்தான் விப்போம். பிரிக்க மாட்டோம்."

இந்த இடத்தில் நான் மனதுக்குள் தோற்றுவிட்டேன். அத்தனை அளவிலும் பெட்டி பெட்டியாக வாங்கினால் என் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். "வாம்மா, வேற இடம் பாக்கலாம்" என்று அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் கையை உதறவில்லை. என்னைக் கவனிக்கவே இல்லை. திரும்பி வரிசையைப் பார்த்தாள். குரலை உயர்த்தினாள்.

"உங்க யார் வீட்டுலயாவது பெட்டி பெட்டியா உளி சும்மா கிடக்குதா?"

படத்துக்குச் சட்டம் போடும் ஒருவர் சிரித்தார். "என்கிட்ட அகல உளி நாலு கிடக்கு. எனக்கு வேண்டியது குறுகலா ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் பெட்டியே வாங்க வேண்டியிருக்கு."

"நான் குறுகல் பெட்டி வாங்குறேன். உங்களுக்கு ஒண்ணு தரேன். உங்க அகல உளியில ஒண்ணு எனக்கு. இழைப்புளி யாருக்கு வேணும்?"

படகு ரிப்பேர் செய்யும் ஒருவர் கையைத் தூக்கினார். பின்னாலிருந்து இன்னொரு குரல். கவுண்டர்காரர் மேசையைத் தட்டினார். "இது சந்தை இல்லம்மா! என் கவுண்டர்ல பங்கு பிரிக்கக் கூடாது!"

"உங்க கவுண்டர்ல பிரிக்கல. நீங்க பெட்டியா வித்தீங்க, நாங்க பெட்டியா வாங்குறோம். வெளிய போய் என்ன செய்றோம்னு நீங்க பாக்காதீங்க."

அவர் முறைத்துக்கொண்டே பில் போட்டார்.

வெளியே படகுக்காரரின் வேன் முகப்பில் பெட்டிகளைப் பிரித்து வைத்தோம். கைகள் நீண்டன. யார் யாரோ தங்கள் வண்டிகளிலிருந்து பழைய மிச்சங்களைக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மொட்டைத்தலை தெரிந்தது. அந்தத் தச்சரேதான். இவளைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது.

"இந்த இடம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க குப்பையக் கிளறினேன்" என்றாள் இவள், கொஞ்சமும் தலைகுனியாமல். "கேட்டப்ப சொல்லியிருந்தா, கிளறியிருக்க மாட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். அவர் காதுவரை சிவந்தார். ஆனாலும் போய்விடவில்லை. வேன் முகப்பைப் பார்த்தபடி நின்றார். "அந்தக் குறுகல்ல ரெண்டு மிஞ்சியிருக்கா?" என்று கேட்டார். இவள் இரண்டையும் அவர் கையில் வைத்துவிட்டு, பதிலுக்கு அவர் வண்டியிலிருந்த, பல் தீட்டக்கூடிய நல்ல ரம்பம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கருவிகளை வைத்து இவள் செய்து முடித்த தையல்காரம்மாவின் மேசையை நாங்களும் அவர் மகன்களுமாகச் சேர்ந்து தூக்கிக் கடையில் வைத்தோம். அவர் அதன்மேல் துணியை முழு நீளத்துக்கும் விரித்தார். குனியாமல் கத்தரியை ஓட்டினார். மறுமுனைக்குப் போய் நின்றுகொண்டு இடுப்பைப் பிடித்துப் பார்த்தார், வலியைத் தேடுவதுபோல. பிறகு இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார், வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை. வந்த வாடிக்கையாளர்களிடம் அளவெடுப்பதற்கு முன்னால் மேசையைக் காட்டினார்.

கிடங்குக்கு வெளியே பங்கு பிரிப்பது பழக்கமாகிவிட்டது. முதலில் முறைத்த கவுண்டர்காரர், வியாபாரம் கூடியதைப் பார்த்துவிட்டு, வெயிலில் எதற்கு என்று ஒரு பழைய மேசையை வாசல் நிழலில் போட்டுக் கொடுத்தார். ஒருநாள் அங்கே மொட்டைத்தலைத் தச்சர் இவளிடம் வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் முழுக்க அவர் கைக்கு வந்திருந்தன. தனியாக முடியாது.

"என் பட்டறைக்கு வந்துடு. நாள் கூலி நல்லா தரேன்."

"வர மாட்டேன்" என்றாள் இவள். "பாதி ஜன்னல என் பேர்ல பிரிச்சுக் குடுங்க. என் பட்டறையில செஞ்சு தரேன்."

"உன் பட்டறைன்னா? அந்தச் சாமான் அறையா?"

"அதேதான்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க. சீக்கிரம் யோசிங்க, எனக்கு வேற வேலையும் இருக்கு."

காரில் ஏறியதும், "வேற என்ன வேலை இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல" என்றாள், பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "அது அவருக்கு எதுக்கு?"

அந்த வாரக் கடைசியில் எங்கள் கட்டட வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பலகைகளின் மேல் மொட்டைத்தலைத் தச்சர் உட்கார்ந்திருந்தார். இறங்கி, ஜன்னல்களின் வரைபடத்தை இவளிடம் கொடுத்தார். பாதி ஜன்னல்களுக்கு எதிரே இவள் பெயர் இருந்தது. பலகைகளை அடித்தளத்துக்கு இறக்க, லிஃப்டை நான் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன்.